மிச்ச டேப்பில் ஒரு பாட்டு

எனக்குப் பிடித்த பாட்டுகளில் பாதிக்கு மேல் நான் தேடிப் போய்க் கேட்டவை இல்லை. யாரோ போட்டார்கள், காதில் விழுந்தது, அப்படியே தங்கிவிட்டது. என் ரசனையை உண்டாக்கியவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டால் சிலோன் ரேடியோ அறிவிப்பாளர் வருவார், மைக் செட்டுக்காரர் வருவார், பஸ் டிரைவர் வருவார், கேசட் பதிந்து கொடுத்த அண்ணாச்சி வருவார். சங்கீதம் படித்தவர் ஒருவர்கூட அதில் இருக்க மாட்டார்.

எனக்கு ராகம் தெரியாது. முதல் வரி முடிவதற்குள் இது கீரவாணி, இது மோகனம் என்று சொல்லிவிடுகிற தோழிகள் இருக்கிறார்கள். அவர்கள் விளக்கும்போது ஆசையாகக் கேட்டுக்கொள்வேன். ஆனால் ராகம் தெரியாமல் கேட்பது அரைகுறைக் கேட்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சினிமாப் பாட்டு எங்களை நினைத்துத்தான் போடப்பட்டது. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்கிறவருக்கும், ஜன்னலோரம் பாதித் தூக்கத்தில் தலை சாய்த்துக் கேட்கிறவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் பண்ணிச் செய்த இசை அது.

நான் வளர்ந்தது கோவில்பட்டியில். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குத் தீப்பெட்டி வேலைதான் சோறு போட்டது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவார்கள். சின்னப்பிள்ளை உள்ளவர்கள், வயசானவர்கள் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா, சித்தி, அடுத்த வீட்டு மதினி மூவரும் பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துத் திண்ணையில் உட்காருவார்கள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. கை தானாக மடிக்கும், தானாக ஒட்டும், தானாக விரித்துக் காயப்போடும். காதுக்கு மட்டும் வேலை இல்லை. அந்தக் காதுக்காகத்தான் எங்கள் வீட்டில் ரேடியோ இருந்தது.

தூத்துக்குடிக் கடல் பக்கம் என்பதால் எங்களுக்கு இலங்கை நிலையம் துல்லியமாகக் கிடைக்கும். 1972-ல் அந்த நாட்டின் பெயரே மாறிவிட்டது. எங்கள் தெருவுக்கு அது கடைசிவரை சிலோன் ரேடியோதான். காலையில் பொங்கும் பூம்புனல் வரும்போது அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். நல்ல பாட்டு வந்தால் சீப்பு மெதுவாகப் போகும், அறிவிப்பு வந்தால் வேகமாக இழுக்கும். பி.எச். அப்துல் ஹமீதின் குரல் வந்துவிட்டால் சித்தி தலை நிமிராமலே, "அவுக வந்துட்டாக, சத்தத்தக் கூட்டு" என்பாள். ஏதோ எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து இறங்கிய உறவுக்காரரைச் சொல்வதுபோல இருக்கும்.

சிலோன் அறிவிப்பாளர்கள் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. படத்தின் பெயரோடு நிறுத்தாமல் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாரையும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அந்தப் பெயர்கள் திண்ணையில் இருந்த எல்லாருக்கும் பாடமாகிவிட்டன. மதினி பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஒரு புதுப் பாட்டில் இரண்டு வரி போனதும் இது வாலி, இது கண்ணதாசன் என்பாள். அறிவிப்பு வரும்வரை நாங்கள் காத்திருப்போம். அநேகமாக அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

இப்படிக் கேட்டவர்களின் ரசனையைத் திருத்த வேண்டும் என்று டெல்லியில் ஒருவர் நினைத்தார் என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1952-ல் செய்தி ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதம்தான் மக்களை உயர்த்தும் என்று நம்பினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு மறைந்துபோனது. மக்கள் சண்டை போடவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கையில் வைத்துவிட்டார்கள். 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கம் தானே இறங்கிவர வேண்டியிருந்தது. இது எனக்கு வெறும் வரலாறாகப் படவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை குரோஸ் என்று முதுகொடிய உட்கார்ந்திருந்த பெண்களுக்கு எது நல்ல இசை என்று சொல்லித்தர வேறு யாரும் வேண்டியதில்லை என்று இன்றைக்கும் ஆத்திரத்தோடு நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் மாமா மஸ்கட்டிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். அதோடு எங்கள் வீட்டில் கேசட் காலம் தொடங்கியது. கம்பெனி கேசட் விலை அதிகம், ஒரு படத்தில் நமக்குப் பிடித்தது இரண்டு பாட்டாகத்தான் இருக்கும். அதனால் காலி கேசட் வாங்கி, வேண்டிய பாட்டைப் பதிந்துகொள்வதுதான் எங்களைப் போன்றவர்களின் வழி. சட்டப்படி அது சரியில்லை. ஆனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் வைத்து நடந்தது அந்தத் தொழில்.

எங்கள் அண்ணாச்சியின் கடை மெயின் ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வாசலில் எப்போதும் பையன்கள் கூட்டம். பெண்பிள்ளைகள் அங்கே போய் நிற்கிற வழக்கம் இல்லை. ஆகவே பட்டியல் எழுதுவது நான், கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணன். நோட்டிலிருந்து தாள் கிழித்து, இடதுபக்கம் படத்தின் பெயரும் வலதுபக்கம் பாட்டின் முதல் இரண்டு வார்த்தையும் எழுதுவேன். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பதற்கு ஒரு ராத்திரி முழுக்க யோசனை ஓடும். சோகப் பாட்டுக்கு அடுத்து உடனே டப்பாங்குத்து வரக் கூடாது. எஸ்.பி.பி. இரண்டு பாடினால் நடுவில் ஒரு பெண் குரல் வேண்டும்.

அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். இளையராஜாவின் பாட்டு ஏறக்குறைய நாலரை நிமிடம் ஓடும். ஆறு பாட்டு போட்டால் 27 நிமிடம். மூன்று நிமிட டேப் மிச்சம். பல கடைகளில் அந்த இடத்தில் ஏழாவது பாட்டைத் தொடங்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். சரணம் நடந்துகொண்டிருக்கும்போது டக்கென்று பட்டன் எகிறும். நம் அண்ணாச்சிக்கு அது பொறுக்காது. அந்த மிச்ச டேப்புக்கு அளவான ஒரு பாட்டை அவரே தேடிப் போட்டுக் கொடுப்பார். நாம் கேட்காத பாட்டு. அதற்குக் காசு கிடையாது.

ஒருமுறை அண்ணனோடு நானும் போனேன். பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம், கூட்டம் இல்லை. உள்ளே இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர். சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். பதிவு ஓடும்போது பச்சை விளக்குகள் ஏறி ஏறிச் சிவப்பைத் தொட்டு இறங்கும். அவர் கண் அதிலேயே இருக்கும், சிவப்பில் நின்றுவிட்டால் உடனே குமிழைத் திருகிக் குறைப்பார். பக்கத்தில் நீளமான கணக்குப் பேரேடு ஒன்று. கடன் கணக்கு என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். பாட்டும் அதன் நேரமும். 4.20, 3.10, 2.55 என்று நூற்றுக்கணக்கில், பென்சிலில். பென்சிலால் அந்தப் பேரேட்டில் மேலும் கீழும் போய், ஒரு இடத்தில் நின்று, தலையை ஆட்டிக்கொண்டார். "முப்பது நிமிஷம்னு போட்டிருந்தாலும் சொச்சம் கொஞ்சம் கூட இருக்கும் பாப்பா. அதையும் சேத்துத்தான் பாக்கணும்" என்றார். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூடிரைவரால் உடைத்தார். இனி யாரும் தவறிக்கூட அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது.

மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிற பாட்டு என்றால் அது பழைய பாட்டுதான். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சத்துக்கு மேல் பிடிக்காது. அதனால் பல்லவி, சரணங்கள், நடுவில் வரும் வாத்தியம் எல்லாவற்றையும் அந்தச் சொச்சத்துக்குள் கட்டிவிட வேண்டும். ஒரு நொடி வீணாகாது. தட்டு மாறி நாடா வந்து, பாட்டுகள் நீண்டு, அந்த நாடாவில் விழுந்த இடைவெளிக்கு அந்தச் சின்னப் பாட்டுகளே பொருந்தின. விஸ்வநாதன்-ராமமூர்த்தியையும் ஏ.எம். ராஜாவையும் எனக்கு யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தரவில்லை. இளையராஜாவின் முதுகில் ஏறி அவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள்.

அதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 'மௌன ராகம்' 1986-ல் வந்தது. அதில் எஸ். ஜானகி பாடிய பாட்டுகளுக்காகவே ஒரு கேசட் பதியச் சொன்னேன். முதல் பக்கம் முடிகிற இடத்தில் அண்ணாச்சி ஒரு பழைய ஜோடிப் பாட்டைச் சேர்த்திருந்தார். ஆண் குரல் பி.பி. ஸ்ரீநிவாஸ் என்று தெரிந்தது. அந்த நயமான தாழ்ந்த குரலை மறைக்க முடியாது. பெண் குரல் யாரென்று தெரியவில்லை. மெல்லிய குரல், வெட்கமும் இல்லை, துணிச்சலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிதானம். கேசட் அட்டையில் அண்ணாச்சி எழுதுவது பாட்டின் முதல் வார்த்தையை மட்டும்தான், பாடியவர் பெயர் இருக்காது. நானும் அதை ஒரு பெயரில்லாத குரலாகவே வைத்துக்கொண்டு ஒரு கோடைவிடுமுறை முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டேன். ரீவைண்ட் பண்ணினால் மோட்டார் கெட்டுவிடும் என்று அண்ணன் கத்துவான். பென்சிலை விட்டுச் சுற்றிக்கொள்வேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் சிலோனில் அதே பாட்டு. 1962-ல் ஸ்ரீதர் எடுத்த 'போலீஸ்காரன் மகள்', பாடியவர்கள் பி.பி. ஸ்ரீநிவாஸ், எஸ். ஜானகி என்று அறிவிப்பு. பசை வைத்த விரலோடு அம்மா என்னைப் பார்த்தாள். "ஜானகிதானடீ. இத்தன நாளு தெரியாமலா கேட்ட?" என்றாள். ஒரே பக்கத்தில், ஆறு பாட்டுத் தள்ளி, 24 வருஷம் இடைவெளி விட்டு ஒரே பெண் இருந்திருக்கிறாள். அன்றைக்கு அந்தக் கேசட்டை மறுபடியும் முதலிலிருந்து கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. 'மௌன ராக'த்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிரிப்போ சிணுங்கலோ ஒட்டியிருக்கிறது. 1962-ல் குரல் மட்டும் இருக்கிறது, அலங்காரம் வரவில்லை. ஒரு பாடகி இத்தனை வருஷத்தில் எதையெல்லாம் சேர்த்துக்கொண்டாள் என்பது எனக்குப் பாட்டு தெரியாமலே விளங்கியது. அண்ணாச்சி இதைத் தெரிந்துதான் செய்தாரா, அல்லது நேரம் பொருந்தியதால் போட்டாரா? நான் கேட்கவே இல்லை. தெரிந்துதான் செய்திருப்பார் என்று நம்ப விரும்புகிறேன்.

மைக் செட்டில் கேட்ட பாட்டு வேறு ஜாதி. கல்யாணமோ சடங்கோ, முதல்நாள் சாயங்காலமே வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிடுவார்கள். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பெண் அழைப்புக்கு 1962-ல் வந்த 'சாரதா' படத்துப் பாட்டு கட்டாயம். சாவு வீட்டில் 'பாத காணிக்கை' கேட்டால் ஊருக்கே சேதி போய்விடும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இன்னொன்றும் தவறாது. நாதஸ்வரத்தோடு ஜானகியின் குரல் போட்டிபோடும் 'கொஞ்சும் சலங்கை' பாட்டு. அதுவும் 1962தான். வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம், கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1964-ல் அவர் இறந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த நாதஸ்வரம் குழாயில் கிளம்பினால், பந்தலில் வாழை கட்டிக்கொண்டிருக்கிற தாத்தாக்கள் கையை நிறுத்திவிட்டு, "நம்ம அருணாசலம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

கூம்புக் குழாய்க்கு அடித்தொனி வராது. நடுத்தரத் தொனியை மட்டும் வாங்கி நாலு வயல் தாண்டி எறியும். குரலும் நாதஸ்வரமும் அதில் ஜொலிக்கும், தபலாவின் கும்கி காணாமல் போகும். 1992-ல் 'ரோஜா' வந்தபோது எங்கள் மைக் செட்டுக்காரர் திணறியதைப் பார்த்தேன். ரஹ்மான் அடியில் போட்டுவைத்திருந்ததெல்லாம் குழாயில் விழவே இல்லை. பாதிப் பாட்டுதான் கேட்டது. ஒரு வருஷத்துக்குள் அவர் ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கிவிட்டார். அண்ணாச்சியும் டெக்கில் ஹெட் மாற்றினார். அண்ணனும் அவன் சேக்காளிகளும் ராஜாவா ரஹ்மானா என்று டீக்கடையில் தொண்டை வறளச் சண்டைபோட்டார்கள். எனக்கு அந்தச் சண்டை எப்போதும் புரிந்ததில்லை. ஒருவர் வந்ததால் இன்னொருவர் என் வீட்டை விட்டுப் போகவில்லை.

அந்த வருஷங்களில் எனக்கு உயிராக இருந்த குரல் ஸ்வர்ணலதாவுடையது. 'சத்ரிய'னில் ராஜாவுக்குப் பாடினார், 'கருத்தம்மா'வில் ரஹ்மானுக்குப் பாடினார். 'கருத்தம்மா' பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது. அழுகையை உள்ளே வைத்துக்கொண்டு அழாமல் பாடத் தெரிந்தவர் அவர். மற்றவர்கள் சோகத்தைக் காட்டும் இடத்தில் இவர் குரலை ஒரு படி இறக்கிக்கொள்வார், அவ்வளவுதான் செய்வார், நமக்கு நெஞ்சு அடைக்கும். 1973-ல் பிறந்தவர், ஏறக்குறைய என் வயது. 2010 செப்டம்பரில் 37 வயதில் போய்விட்டார். அன்றைக்கு எஃப்.எம்.மில் அவர் பாட்டாகவே போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவருக்குக் கிடைக்க வேண்டிய பேர் உயிரோடு இருந்தபோது கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்லூரிக்குத் திருநெல்வேலி போனேன், விடுதி வாசம். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருவேன். முன்னால் ஒரு பஸ் காலியாக நின்றாலும், பின்னால் நிற்கிற பஸ்ஸில் நல்ல பாட்டு ஓடினால் அதற்குத்தான் ஏறுவோம். பெண்கள் சீட்டு டிரைவருக்குப் பின்னால், தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். தாழையூத்து வரை வேகப் பாட்டு. கங்கைகொண்டான் தாண்டி இருட்டத் தொடங்கியதும் டிரைவர் ஒரு கையால் கேசட்டை மாற்றுவார். மோகன் நடித்த படங்களாக வரும். 'பயணங்கள் முடிவதில்லை', 'உதய கீதம்', 'இதய கோவில்'. மைக்கைப் பிடித்துப் பாடியே பேர் வாங்கிய மோகனுக்கு, பாடியது எஸ்.பி.பி., வசனம் பேசியது எஸ்.என். சுரேந்தர். அவை படமாக எனக்கு நினைவில் இல்லை. கயத்தாற்றின் இருட்டும் ஜன்னல் காற்றும் டீசல் வாசனையுமாகத்தான் இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை, பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு குடும்பம் ஏறியது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள் என்பது கையிலிருந்த பிளாஸ்டிக் கூடையையும் சுருட்டிய பாயையும் பார்த்தாலே தெரிந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கூட வந்த ஆள் கண்டக்டரிடம் பணத்தை நீட்டும்போது கை நடுங்கியது. டிரைவர் மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தார். கேசட்டை நிறுத்தினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கயத்தாறு வரை எஞ்சின் சத்தம் மட்டும்தான். அவர்கள் இறங்கிப் போனபிறகும் அவர் உடனே பாட்டுப் போடவில்லை. இடைசெவல் விலக்கு வந்தபின்தான் கை போனது. அதுவும் சத்தத்தை நன்றாகக் குறைத்து, வார்த்தையே இல்லாமல் புல்லாங்குழலும் வயலினும் மட்டும் வரும் ஒரு கேசட். பஸ்ஸில் அப்படி ஒன்று இருக்கும் என்றே நாங்கள் நினைத்ததில்லை. எந்த நேரத்துக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த மனுஷர்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எம்.பி.3 வந்தது. 700 எம்.பி. கொள்ளும் ஒரு குறுந்தட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கும். நேரக் கணக்கு எதற்கு, பென்சில் எதற்கு? அண்ணாச்சியின் கடை முதலில் செல்போன் ரீசார்ஜ் கடையானது, அப்புறம் மூடப்பட்டது. 2003 வாக்கில் தனியார் எஃப்.எம். சென்னையில் பரவியது, எங்கள் பக்கமும் வந்தது. அறிவிப்பாளர்கள் நிறையப் பேசினார்கள். பாட்டு எழுதியவரின் பெயரைச் சொல்ல மட்டும் அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. 2011-ல் அனிருத்தின் கொலைவெறிப் பாட்டு படம் வருவதற்கு முன்பே இன்டர்நெட்டில் உலகம் சுற்றியபோது என் வகுப்புப் பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும். புதுப் பாட்டெல்லாம் குப்பை என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது, 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது தாத்தா சொன்னதாக அம்மா சொல்லும் வார்த்தைகள்தான் ஞாபகம் வரும். அதே வார்த்தைகள்தான்.

என் மகள் பி.டி.எஸ். ரசிகை. கொரியாக்காரர்கள், ஏழு பேர், 2013-ல் அறிமுகமானவர்கள். அவளுக்கு ஏழு பேரின் பிறந்தநாளும் தெரியும், எந்தப் பாட்டில் எந்த நான்கு வரியை யார் பாடினார் என்றும் தெரியும். ஊரடங்கு நாட்களில் 'டைனமைட்' எங்கள் வீட்டில் காலை முதல் இரவு வரை ஓடியது. முதலில் சத்தமாகத்தான் கேட்டது. ஒரு வாரத்தில் தோசை ஊற்றும்போது என் கால் அதற்குத் தாளம் போட்டது. கொரிய மொழி புரியாமல் எப்படி இத்தனை ஈடுபாடு என்று உறவில் சிலர் அவளைக் கேலி பண்ணுவார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ராகம் தெரியாமல் நான் ஒட்டிக்கொண்டதுபோல மொழி தெரியாமல் அவள் ஒட்டிக்கொள்கிறாள். குரல் நமக்கு நேராகப் பேசுகிறது என்று மனசு ஒருமுறை நம்பிவிட்டால் போதும்.

எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் செல்போனோடுதான். ஒரு ஜானகி பாட்டைப் போட்டால் அடுத்து இன்னொரு ஜானகி பாட்டைத் தருகிறது. அதைக் கேட்டால் அதே படத்தில் இன்னொன்று. எனக்குப் பிடித்தது என்னவென்று அதற்கு நன்றாகத் தெரிகிறது. அதையே அள்ளி அள்ளி வைக்கிறது. மகளுக்கும் அப்படித்தான், அவள் செல்லில் எந்நேரமும் கொரியா. எனக்கு என்ன பிடிக்கும் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. தனக்கு நல்லதாகப் பட்டதைப் போட்டார். டிரைவருக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. எங்களில் பலபேருக்குப் பிடிக்காத பாட்டும் அந்தப் பஸ்ஸில் ஓடியது, நாங்கள் இறங்கி ஓடிவிட முடியாது, கேட்டோம். அப்படிக் கேட்டதில்தான் பல பாட்டுகள் ஊறின. கேட்காத பாட்டைக் கொண்டுவந்து தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு ரசனை வேண்டும், அதில் கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

போன மாதம் சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். சொந்தமாக வேன் எடுத்திருக்கிறான். குற்றாலம், திருச்செந்தூர், கார்த்திகை மாதம் வந்தால் சபரிமலை என்று ஓட்டுகிறான். "அக்கா, ஒங்ககிட்டதான் பழைய பாட்டெல்லாம் இருக்கும்னு அம்மா சொல்லிச்சு. பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்க" என்றான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பட்டியல் போட்டேன். காலைக்கு இது, மலையேறும்போது இது, திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்க இது என்று வரிசை பார்த்து, நடுநடுவே ஸ்வர்ணலதா, கடைசியில் ஒரு புல்லாங்குழல் எல்லாம் சேர்த்து ஏற்றினேன். மகளும் தன் பங்குக்கு இரண்டு கொரியப் பாட்டைச் சேர்த்தாள். வரிசை மாறாமல் போடச் சொல்லிக் கொடுத்தேன்.

அவன் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினான்.

"வரிசையெல்லாம் சரிதாங்கா. ஆனா வண்டியில ஏறுன ஆளுக மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நான் போடுவேன்."